சிலுவை ஓடாவி செய்த பெட்டி

சம்பந்தியம்மாள் நாசரேத்திலிருந்து கொண்டுவந்த அலமாரியைச் சிலுவை ஓடாவி ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். முழுக்கையையும் வைக்கிற அளவுக்கு அது லாயக்கில்லை என்று அவருக்குப் பட்டது. ஒட்டுப்பலகை. அதன்மேல் ரோஸ் பெயின்ட். கதவில் ஒரு முயல். முயலுக்கு ஒரு காது மற்றதைவிடக் குட்டை.

“பேரனுக்கு நாலு வயசாகுதுல்லா சம்மந்தி. வெளையாட்டுச் சாமானை எல்லாம் அடுக்கி வைக்கிற பழக்கம் இப்பமே வரணும்னுதான் செய்யச் சொன்னேன்” என்றாள் கிருபாபாய். பள்ளிக்கூட வாத்திச்சியாக இருந்து ஓய்வு பெற்றவள். பஸ் மேலே கயிறு போட்டுக் கட்டி, வழி நெடுக ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே அதைக் கொண்டுவந்திருந்தாள்.

சிலுவை அலமாரிக் கதவை லேசாக நெம்பினார். கீல் முனகியது.

“இதைச் செஞ்சவன் தச்சனா, பெயின்டரா?”

“ஏன் கேக்கிய?”

“இல்ல, முயலு பரவாயில்லாம இருக்கு. அதான் கேட்டேன்.”

குசினியிலிருந்து விக்டோரியா எட்டிப் பார்த்தாள். “அப்பா, கையக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது” என்றாள். அவளுக்கு அப்பாவைத் தெரியும். இன்னும் கொஞ்சநேரம் விட்டால் அலமாரியைச் செய்தவனின் பாட்டன் வரை போய்விடுவார்.

சிலுவை புன்னைக்காயல்காரர். தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு வடக்கே கடற்கரையில் தோணி கட்டுகிற வேலை. கொழும்புக்குப் போகிற தோணிகளில் அவர் கை படாதவை குறைவு. தோணி கட்டுகிறவரை ஓடாவி என்பார்கள். யாராவது தவறிப்போய் அவரைத் தச்சர் என்று கூப்பிட்டுவிட்டால் அந்த ஆளுக்கு அன்று முழுக்கப் பதில் கிடையாது. வீட்டுத் தச்சன் நேர்கோடு மட்டும் தெரிந்தவன் என்பது அவர் கட்சி. நிற்கிற வீட்டுக்கு எந்தக் கட்டையை நட்டாலும் நிற்கும். ஆடுகிற தண்ணீரில் ஆடாமல் போகிற பொருளைச் செய்கிறவன்தான் மரத்தைத் தெரிந்தவன். மோட்டார் போட்ட படகு வைத்திருப்பவர்களை ‘டீசல் குடிக்கிறவனுவ’ என்பார். புதுத் துறைமுகத்தைத் திறந்தபோது ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. இவரும் போனார். “கல்லக் கொட்டிக் கடலுக்கு வேலி போட்டிருக்கானுவ, மாட்டுக் கொட்டில் மாதிரி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அந்தத் துறைமுகத்தில்தான் மருமகன் ஜெபசிங்குக்கு வேலை. டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் கோடு போட வேண்டும். “நாள் முழுக்கக் கோடு போட்டுட்டு வந்திருக்காரு. கை வலிக்கும்ளா, தைலம் கிய்லம் தேச்சு விடு” என்பார் சிலுவை மகளிடம், மருமகன் காதில் விழும்படியாக. ஜெபசிங் சிரித்துவிட்டுப் போய்விடுவான். அந்தச் சிரிப்பும் சிலுவைக்குப் பிடிக்காது. ஆம்பளைக்குக் கோபம் வர வேண்டாமா?

விக்டோரியாவும் ஜெபசிங்கும் டைப்ரைட்டிங் படிக்கப்போன இடத்தில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் ஆர்.சி., அவன் சி.எஸ்.ஐ. கல்யாணத்துக்குச் சிலுவை போகவில்லை. மனைவி செத்த பிறகு ஒற்றையாளாய் அரிசி களைந்து சோறு வடித்துப் பார்த்தார். பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் வேட்டியை மாற்றிக்கொண்டு முத்தையாபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்த கையோடு மகள் வீட்டில்தான் சாப்பாடு. பேரனுக்கு எஸ்றா என்று பெயர் வைத்திருந்தார்கள். கிருபாபாயின் தேர்வு. “எஸ்றாவாம். தும்முத மாதிரி ஒரு பேரு” என்று சொல்லி, தன் அப்பாவின் பெயரான மரியான் என்றே அவனைக் கூப்பிட்டார். பையனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எந்தப் பெயரில் மிட்டாய் வருகிறதோ அந்தப் பெயருக்குத் திரும்பினான்.

அன்றைக்குச் சீலா மீன் குழம்பு. கிருபாபாய் வைத்தது. சிலுவை ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, “மீனைக் கழுவுனியளா, சலவைக்குப் போட்டியளா?” என்றார்.

“வீச்சம் போகணும்லா சம்மந்தி.”

“அது போனா மீனு எதுக்கு? வாழைக்காயை வாங்கிப் போட்டிருக்கலாமே.”

ஜெபசிங் தலையைக் குனிந்து சாப்பிட்டான். எஸ்றா அலமாரிக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். சோறு முடிவதற்குள் கதவு மேல்கீலிலிருந்து கழன்று ஒருக்களித்துத் தொங்கியது. பையன் பயந்துபோய் எல்லோரையும் பார்த்தான். சிலுவைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே அப்போதுதான் முகம் மலர்ந்தது.

“அழாதல மரியானு. நீ ஒண்ணும் செய்யல. அது ஊர்லேருந்து வரும்போதே உசிரில்லாமத்தான் வந்திருக்கு” என்றார். பிறகு கையைக் கழுவி, லேஞ்சியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பெட்டி நாஞ் செய்யுதேன். சாமானுக்குன்னு ஒரு பெட்டி. இவன் பேரன் காலத்துக்கும் கிடக்கும்.”

“எதுக்கு மாமா சிரமம்? நாலு ஆணி அடிச்சா இதுவே...” என்றான் ஜெபசிங்.

“நாலு ஆணி அடிக்கணும். ஆமா. மனுசனை அடக்கம் பண்ணும்போதும் நாலு ஆணிதான் அடிப்பான்” என்று சொல்லிவிட்டுச் சிலுவை வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆனி மாதம். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று கடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. கொழும்பு ஓட்டம் நின்று, தோணிகளையெல்லாம் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். மணலில் வரிசையாய் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஓடாவிகளுக்கு அப்போதுதான் மூச்சு முட்டுகிற வேலை. இற்ற பலகையைக் கழற்ற வேண்டும், புதுசு ஏற்ற வேண்டும், பலகை இடுக்கில் எல்லாம் பஞ்சுத்திரியை உளிவைத்து அறைந்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூச வேண்டும். கலப்பத்து என்பார்கள். அது சரியில்லை என்றால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் பிரயோசனமில்லை. நடுக்கடலில் தண்ணீர் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வேலைக்கு நடுவிலேதான் சிலுவை பெட்டியை எடுத்தார். தோணிக்காரரிடம் சொல்லி, மிச்சம் விழுந்த அயினிப் பலகையில் நல்லதாகப் பார்த்து ஒதுக்கினார். நல்லது என்றால் அவருக்கு நல்லது. கணு இருந்தால் ஆகாது, வெள்ளை விழுந்திருந்தால் ஆகாது. மரம் அறுக்கிற மாடக்கண்ணு இவருக்குச் சமவயது ஆள். அவர் எடுத்துக் கொடுத்த பலகைகளை எல்லாம் சிலுவை ஒன்றொன்றாய்த் தட்டிப் பார்த்து மணலில் எறிந்தார்.

“அண்ணாச்சி, பிள்ளைக்கு பம்பரமும் கோலிக்காயும் போட்டு வைக்கதானே? இதுக்குப் போயி இம்புட்டுத் தெரிவு எதுக்கு?” என்றார் மாடக்கண்ணு.

“ஏலே, நீ வாளை இழுக்கத் தெரிஞ்சவன். இழு. பேசாத.”

“கனம் ஒண்ணரை அங்குலம் வேணுங்கிய. பெட்டியத் தூக்க நாலு ஆள் வேணுமே.”

“அது எதுக்குத் தூக்கணும்? வச்ச எடத்துல கிடக்கும். அந்த டீச்சரம்மா கொண்டாந்தது மாதிரி காத்தடிச்சாப் பறக்கணுமோ?”

மத்தியானம் எல்லோரும் பழஞ்சோறும் மாசித் துவையலும் தின்றுவிட்டுத் தோணி நிழலில் சாய்கிற நேரம் சிலுவை பெட்டியோடு இருப்பார். வாச்சியால் செதுக்கி, இழைப்புளியால் தள்ளி, கையால் தடவி, மறுபடி தள்ளுவார். ஆணி ஒன்றுகூட இரும்பில் இல்லை, எல்லாம் மர ஆணி. மூலைக்கு மூலை பல் கடித்த மாதிரி இணைப்பு. மூடிக்கு உள்விளிம்பு வைத்தார். மூடினால் பெட்டி வாயில் அது இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மூடியின் முன்பக்கம் பித்தளையில் ஒரு கொண்டி, பழைய தோணி ஒன்றின் அறைக் கதவில் இருந்தது. மூடி விழுந்தால் கொண்டியும் தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும். மறதிக்காரப் பிள்ளை கொண்டியை மாட்டாமல் போனால் எலி, கரப்பான் போகும் அல்லவா, அதற்காக. பிறகு கலப்பத்து பார்த்தார். பொம்மைப் பெட்டிக்குக் கலப்பத்து! கடற்கரையில் இருந்தவன் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தான்.

“ஓடாவியாரே, இது வீட்டுக்கா, கொழும்புக்கா?” என்று யாரோ கேட்டார்கள்.

“கூலிக்கு ஆணி அடிக்கிறவனுக்கு இது என்னன்னு சொன்னா வெளங்கவா போவுது?” என்று சிலுவை தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

முடிந்த அன்று பெட்டிக்குள் ஒரு பழைய தினத்தாளை விரித்துப் போட்டு மூடினார். மாடக்கண்ணுவும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டார்கள். அலை அதைப் புரட்டியது. மூடி கீழாய்ப் போனது, மேலாய் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கரைக்கு இழுத்து, கொண்டியைத் தூக்கித் திறந்தபோது சிரிப்பு நின்றது. தாள் மொறமொறவென்று போட்டபடி இருந்தது. சிலுவை அதை எடுத்து, மடித்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, “இதுக்குப் பேருதான் பெட்டி. காத்துகூட என்னைக் கேட்டுத்தான் உள்ள போவும்” என்றார்.

உப்பளத்துக்குத் திரும்புகிற ஒரு லாரியில் ஏற்றிப் பெட்டி முத்தையாபுரம் போனது. இறக்குவதற்குள் லாரிக்காரன் ஜெபசிங்கின் வாசல்படியை ஒரு ஓரம் பெயர்த்துவிட்டான். நடுவறையில் கட்டிலுக்கு எதிரே வைத்தார்கள். அயினி நிறம் தேன் மாதிரி இருந்தது. கிருபாபாய் அன்றைக்கும் அங்கேதான் இருந்தாள். விக்டோரியா மறுபடி மாசமாக இருந்ததால் ஒத்தாசைக்கு வந்தவள் அங்கேயே தங்கிவிட்டிருந்தாள். மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

“குங்கிலிய வாடை குபீர்னு அடிக்கே. வீடே உங்க ஆர்.சி. கோயில் மாதிரி ஆயிட்டுது சம்மந்தி.”

“ஆகட்டும் டீச்சரம்மா. கொஞ்சம் புண்ணியம் ஒட்டட்டும்.”

“வேலையெல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்கிய. ஆனா, சின்னப் பிள்ளைக்கு இந்த மூடியத் தூக்க முடியுமா?”

“தூக்கட்டும். தூக்கித் தூக்கித்தான் கையில பெலம் வரும். பென்சிலைத் தூக்கிட்டு இருந்தா வருமா?”

எஸ்றா இரண்டு கையாலும் மூடியைத் தூக்கிவிட்டான். சிலுவை வீடே அதிரச் சிரித்தார். பிளாஸ்டிக் பஸ், தகர மேளம், பனங்கொட்டை வண்டி, பம்பரம், கடைசியாய் முத்துக்குளித்த வருஷம் சிலுவை எடுத்து வைத்திருந்த சிப்பிகள் எல்லாம் பெட்டிக்குள் போயின. அலமாரி பின்வாசலுக்குப் போனது. அதில் விக்டோரியா வெங்காயத்தைப் போட்டு வைத்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கை கழுவப் போகிற சாக்கில் சிலுவை பின்வாசலுக்குப் போய் அந்த முயலைப் பார்த்துவிட்டு வருவார்.

ஆடி பாதியில் ஒரு ஞாயிறு. ஜெபசிங்குக்கு அன்று பகல் ஷிப்டு. சாப்பிட்டுவிட்டுச் சிலுவை வாசல் பக்கம் பாயைப் போட்டுப் படுத்தார். வெளியே கச்சான் உப்பளத்து மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எழுந்து சாத்தவில்லை. விக்டோரியா வாந்தியெடுத்துக் களைத்துக் குசினித் தரையில் கண்ணயர்ந்தாள். கிருபாபாய் பின்வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பையன் நடுவறையில் விளையாடுகிறான் என்று மூன்று பேரும் நினைத்திருந்தார்கள்.

விக்டோரியாவின் சத்தத்தில்தான் சிலுவை விழித்தார்.

“அத்தே, எஸ்றா உங்ககிட்ட இருக்கானா?”

“இங்கன இல்லையே. அவன் உள்ள இருந்தாம்லா.”

கட்டிலுக்கு அடியில், குளியலறை, பக்கத்து வீடு என்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தெருமுனை வரை ஓடினாள். விக்டோரியா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, தன் பெயரே தெரியாதவள் மாதிரி நின்றாள். கிணற்றில் வாளிதான் மிதந்தது. வீட்டுக்கு முன்னால் துறைமுகத்துக்குப் போகிற ரோடு; லாரி மேல் லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் உப்பளத்து வாய்க்கால். சிலுவை வாய்க்கால் கரையில் ஒரு கட்டம் ஓடிப் பார்த்துவிட்டு, உப்பு கிண்டுகிறவர்களிடம் கேட்டுவிட்டு, மூச்சு இரைக்கத் திரும்பி வந்தார். நடுவறைக்குள் வந்து கைக்கு அகப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது பெட்டியின் மேல்.

உட்கார்ந்ததும் பயம் எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

“ஒரு பிள்ளை. ஒரே ஒரு பிள்ளை. அதைப் பாக்கத் துப்பில்ல மூணு பேருக்கு. டீச்சரம்மாவாம்! ஊரான் பிள்ளையள முப்பது வருசம் மேய்ச்சாளாம்! அரிசி புடைக்கிற கண்ணு பிள்ளை மேல இருக்காண்டாமா?”

“சம்மந்தி, இப்பம் பேசுத நேரமில்ல...” என்றாள் கிருபாபாய்.

“பின்ன எப்பம் பேச? நானும் நாலு வருசமாப் பாக்கேன். மீனைக் கழுவுதிய, தரையக் கழுவுதிய, பிள்ளை கையக் கழுவுதிய. கழுவத்தான் தெரியும் உங்களுக்கு. உங்க மகன் இருக்காரே, அவருக்குக் கோடு போடத் தெரியும். பிள்ளை காணாமப் போனா அதுக்கும் ஒரு கோடு போடுவாரு!” பெட்டியின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். “ஒரு கெட்டி கிடையாது உங்க வீட்டுல. ஆளும் ஒட்டுப்பலகை, சாமானும் ஒட்டுப்பலகை!” மறுபடியும் அறைந்தார்.

ஜன்னல் கதவு அடித்தது. வெளியே ஒரு லாரி ஒலியெழுப்பிக்கொண்டு போனது. சிலுவை பேசிக்கொண்டேயிருந்தார். விக்டோரியா சுவரில் சாய்ந்து, “அப்பா, கும்பிடுதேன், நிறுத்துங்கப்பா” என்றாள். அவர் நிறுத்தவில்லை. கல்யாணத்துக்குத் தன்னைக் கேட்காததிலிருந்து பிள்ளைக்குத் தும்மல் மாதிரிப் பெயர் வைத்ததுவரை ஒவ்வொன்றாக எடுத்தார்.

கிருபாபாய் மறுபடி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். முன்பும் பார்த்த இடம்தான். அங்கே பையன் இல்லை. ஆனால் தகர மேளம் இருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் பஸ், பனங்கொட்டை வண்டி, பம்பரம். சிப்பிகள் பெரிதிலிருந்து சிறிதுவரை. எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த மாதிரி வரிசையாய் அடுக்கியிருந்தது. ஒன்று பாக்கியில்லை.

அவள் குனிந்தபடியே தலையைத் திருப்பினாள்.

“சம்மந்தி. எழும்புங்க.”

“என்ன?”

“எழும்பும்வே!” என்று கத்தினாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

சிலுவை எழுந்தார். கிருபாபாய் கொண்டியைத் தூக்கினாள். மூடி வரவில்லை, காற்று பிடித்து வைத்திருந்தது. சிலுவையும் சேர்ந்து தூக்கிய பிறகுதான் ஒரு உறிஞ்சல் சத்தத்தோடு வந்தது. பையன் முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் கிடந்தான். நனைத்துப் போட்ட துணி மாதிரி இருந்தான். உதடு நீலம். விக்டோரியா அலறியபடி அவனை அள்ளினாள். தலை அவள் கையில் நிற்காமல் சாய்ந்தது.

கிருபாபாய் செருப்புக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினாள். நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். உப்பு ஏற்றிய லாரி ஒன்று அவள் மூக்குக்கு முன்னால் வந்து தேய்த்துக்கொண்டு நின்றது. டிரைவர் திட்டுவதற்குள், பின்னால் ஓடிவந்த விக்டோரியாவின் கையில் பையனைப் பார்த்துவிட்டான். பெண்கள் இருவரும் ஏறினார்கள். சிலுவையும் படியில் காலை வைத்தார்.

“நீங்க வராதிய” என்றாள் விக்டோரியா. அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். லாரி போய்விட்டது.

அவர் வீட்டுக்குள் வந்தார். பெட்டி திறந்தபடி இருந்தது. உள்பக்கத்தையும் வெளிப்பக்கம் மாதிரியே இழைத்து மெருகு ஏற்றியிருந்தார், செய்கிற வேலையில் பாதி வேலை என்பது அவரிடம் கிடையாது. அந்த மெருகில், மூடியின் அடியில், சின்னக் கைகள் தேய்த்த ஈரத்தடம் இருந்தது. நிறைய இருந்தது. அடியில் பையன் மூத்திரம் தேங்கி நின்றது. ஒரு சொட்டு வெளியே இறங்கவில்லை.

பொழுது சாய ஜெபசிங் சைக்கிளில் வந்தான். துறைமுகத்துக்கு யாரோ தகவல் சொல்லி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தான். சட்டையெல்லாம் வியர்வை. சிலுவை வாசலில் நின்றார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராய் நின்றார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார்.

“லாரியில காத்துப் பட்டதுமே முழிச்சிட்டானாம், மாமா. இப்பம் அழுதான், பால் குடிச்சான். ஒரு ராத்திரி வச்சிருந்து பாத்துட்டு விட்டுருவாங்களாம்” என்றான் ஜெபசிங். சைக்கிளைச் சாத்திவிட்டு, “நீங்க ஏதாவது சாப்பிட்டியளா?” என்று கேட்டான்.

இவனுக்கு இப்பவும் கோபம் வரவில்லையே, என்ன ஜென்மம் இவன் என்று சிலுவை வழக்கம்போல நினைக்கத்தான் பார்த்தார். பாதிக்கு மேல் அந்த நினைப்பு நகரவில்லை. தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

மறுநாளே மாட்டுவண்டி பேசிப் பெட்டியைக் கடற்கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். மாடக்கண்ணு கேட்டதற்கு, “அங்கன எடம் இல்ல” என்றார். உடைத்துப் போடத்தான் வாச்சியைத் தூக்கினார். இரண்டு வெட்டு விழுந்தது, பெட்டி அசையவில்லை. பக்கத்துத் தோணியின் தண்டல் ஓடிவந்து கையைப் பிடித்தான். தோணியை ஓட்டுகிற தலைவன் அவன். எத்தனையோ கடலைப் பார்த்தவன்.

“என்ன பைத்தியம் ஓடாவியாரே? எங்களுக்குக் கொடும். அரிசி போட்டு வச்சுக்கிடுதோம். இந்த மாதிரி வேலை நான் எங்கனயும் பாத்ததில்ல. ஒரு பொட்டுக் காத்து போகாது பாரும்!” அவன் மூடியைத் திறந்து திறந்து மூடினான். தோணி வேலைக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள்.

சிலுவை அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். “கொண்டு போ. இனிமே இதை என் கண்ணுல காட்டாத” என்று சொல்லி, மணலில் காறித் துப்பினார். அந்த எச்சில் யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள், வழக்கமாய் அப்படித்தானே.

அடுத்த ஞாயிறு அவர் முத்தையாபுரம் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. பூசைக்குப் போனார், வந்து கடற்கரையில் வேலையில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறவனை முன்னெல்லாம் அவர் நாலு பேருக்கு முன்னால் கேவலப்படுத்துவார். இப்போது மாடக்கண்ணுவும் கூடவே வந்து உட்கார்ந்தார்.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம், மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜெபசிங் வந்தான். முன்கம்பியில் எஸ்றா உட்கார்ந்திருந்தான்.

“மாமா, வாங்க. அம்மா பாறை மீன் வாங்கிக் குழம்பு வச்சிருக்காங்க. நீங்க வந்தாத்தான் எடுத்து வைப்போம்னு இருக்காங்க.”

“டீச்சரம்மாவா சொன்னாங்க?”

“அவங்கதான். விக்டோரியா ஒண்ணும் சொல்லல. ஆனா, நீங்க உக்காருத எடத்துல தட்டு போட்டிருக்கா.”

சிலுவை எழவில்லை. கையிலிருந்த உளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் இறங்கி ஓடிவந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் மெலிந்திருந்தான். மற்றபடி அவனுக்கு ஒன்றும் நினைவிருக்கிற மாதிரி இல்லை. தோணியையும் மரச்சுருளையும் பார்த்துவிட்டு, சொல்ல வேண்டிய செய்தி ஒன்று ஞாபகம் வந்தவனாக அவர் முகத்தைத் திருப்பினான்.

“தாத்தா, நான் பெட்டிக்குள்ள இருந்து தட்டுனேம்லா. நீயும் மேல இருந்து தட்டுன.”

ஜெபசிங், “எஸ்றா, வா, தண்ணி பாக்கப் போவோம்” என்றான். பையன் அவனைக் கவனிக்கவில்லை.

“நீ தட்டுனதும் நான் திரும்பத் தட்டுனேன். பொறவு நீ பேசிட்டே இருந்த” என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. விளையாட்டில் பாதியில் விட்டுப்போனவனிடம் நடந்ததைச் சொல்கிற குரல்.

சிலுவை உளியைக் கீழே வைத்தார்.

“எப்படித் தட்டுன, ராசா?”

எஸ்றா தோணியின் பக்கப் பலகைக்குப் போய் விரலை மடக்கித் தட்டிக் காட்டினான். மாடக்கண்ணு அறைந்துகொண்டிருந்த ஆணிச் சத்தத்தில் அது கேட்கவில்லை.

“ஏலே, நிப்பாட்டு” என்றார் சிலுவை. மாடக்கண்ணு சுத்தியலை இறக்கினார். சிலுவை கையை மணலில் ஊன்றி எழுந்து, தோணிக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார். பலகையில் காதை வைத்துக் குனிந்து நின்றார்.

“தட்டுல” என்றார்.